பதினாறாவது மாதம்

கோரி பேசும்போது பின்னால் காப்பி இயந்திரம் இரையும்.
அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்
இன்றைக்கும் ஒன்றுமில்லை என்று.
முதலில் சிப் வரவில்லை.
பிறகு வயரிங்.
பிறகு ஏதோ துறைமுகத்தில் வேலைநிறுத்தம்.
அப்புறம் காரணம் சொல்வதையே விட்டுவிட்டான்.
"வரும், திருமதி பிட்வெர்பெஸ்கி."

வரும்.
மூட்டுவலியும் வரும்.
சஸ்காச்சுவானில் பனி அக்டோபரிலேயே வரும்.
தேதி கேட்டால் முகம் திருப்பிக்கொள்கிற
ஒரு வினைச்சொல்.

முன்பணம் கட்டிய அன்று லோர்ன்
வண்ண அட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.
அறுபது தாண்டியவன் சிவப்பு ஓட்டலாமா என்று
மகளுக்குப் போன் போட்டுக் கேட்டார்.
ஓட்டலாம் என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.
அந்தச் சிவப்பை நிறுத்திவிட்டார்களாம்.
எங்கள் பெயர் அடுத்த ஆண்டு மாடலுக்கு நகர்ந்திருக்கிறது,
நாலாயிரத்து இருநூறு டாலர் கூடுதல்.
நிறம்: சாம்பல்,
அல்லது இன்னொரு சாம்பல்.

பழைய பிக்கப்புக்குப் பத்தொன்பது வயது.
ஹீட்டர் என் இடது பாதத்துக்கு மட்டும்.
என் பக்கத்துக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும்,
அதனால் அவர் இறங்கி, சுற்றி வந்து, திறந்துவிடுவார்.
கனோரா தபால் நிலைய வாசலில் பார்ப்பவர்கள்
இதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

காத்திருந்த காலத்தில்
பாட்டரி மாற்றினோம், தற்காலிகமாகத்தான்.
ரேடியேட்டர், தற்காலிகமாகத்தான்.
பிரேக் குழாய், ஸ்டார்ட்டர், பின் ஸ்பிரிங் இரண்டும்,
எல்லாம் புதியது வரும்வரைக்கும்.
ரசீதுகளைக் காலித் தேன் டப்பாவில் போட்டுவைத்தேன்.
நேற்று மேசையில் கொட்டிக் கூட்டிப் பார்த்தால்
வண்டி வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது,
துண்டு துண்டாக, எங்களுக்குத் தெரியாமல்.

ஆனால் சட்டத்தில் துரு.
மெக்கானிக் கார்த் அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டினான்.
"ரெண்டு குளிர்காலம்" என்றான்.
மறுபடி தட்டினான்.
"ஒன்றரை."

புதன்கிழமை கோரி தானாகவே கூப்பிட்டான்.
யார்க்டன் வளாகத்தில் ஒரு வெள்ளை நிற்கிறது,
யாரோ வேண்டாமென்று விட்டது,
வெள்ளிக்குள் சொல்லவேண்டும்.
ஏன் விட்டார்?
காப்பி இயந்திரம் இரைந்து ஓய்ந்தது.
"இருபது மாதம் காத்திருந்தார்.
வந்தபிறகு பார்க்கக்கூட வரவில்லை."

போய்ப் பார்த்தோம்.
லோர்ன் பின்தட்டில் ஏறி நாடா பிடித்து அளந்தார்.
தேன்கூட்டுப் பெட்டி ஒரு வரிசை குறையும் என்றார்,
குறைந்தால் என்ன என்றும் அவரே சொன்னார்.
உள்ளே பிளாஸ்டிக் உறை மணந்தது.
ஒரு சுற்று ஓட்டி நிறுத்தியதும்
கைப்பிடியை இழுத்தேன். திறந்தது.
நான் இறங்கி நிமிர்ந்தபோது
பழக்கதோஷத்தில் சுற்றி வந்துவிட்ட அவர்
திறக்க ஒன்றுமில்லாமல்
கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் ரயில் மறித்தது.
தானியப் பெட்டிகள், எண்ணெய்ப் பெட்டிகள்,
கடைசியில் வண்டி ஏற்றிவரும் அடுக்குப் பெட்டிகள்.
தகரத் துளைகளில் கண்ணாடிகள் மின்னி மின்னிப் போயின.
"அதில் ஒன்று நம்முடையதோ?" என்றார்.
எண்ணத் தொடங்கினேன்.
பதினேழில் விட்டுவிட்டேன்.
எல்லாம் வேறு யாரோ ஒருவருடைய பதினாறாவது மாதம்.

தடுப்புக் கம்பி மேலேறுவதற்குள் கோரிக்குப் போன் செய்தேன்.
வெள்ளை வேண்டாம்.
பெயர் பட்டியலிலேயே இருக்கட்டும்,
சாம்பலோ மற்ற சாம்பலோ உன் இஷ்டம்.
ஒன்றே ஒன்று.
வண்டி வந்தால் கூப்பிடு.
வரவில்லை என்று சொல்வதற்கு
இனிமேல் கூப்பிடாதே.

பக்கத்தில் லோர்ன் சாவியைத் திருப்பினார்.
இரண்டாவது தடவையில்
பிடித்துக்கொண்டது.